குற்றாலம் போய் நனையாமல் வருவது

என் கணவரின் சிநேகிதர் மோட்டார் சைக்கிள் வாங்கிய பிறகு எங்கள் தெருப் பசுக்கள் பாலைக் குறைத்துவிட்டன என்று ஒரு பேச்சு இருந்தது. அது உண்மையா என்று எனக்கு இன்றைக்கும் நிச்சயமில்லை. ஆனால் வண்டி வாசுதேவநல்லூர்க் கடைத்தெருவில் திரும்பும்போதே எங்கள் பசு காதை விறைத்துக்கொண்டு கயிற்றை இழுக்கத் தொடங்கிவிடும். என் மாமியார் தொழுவத்திலிருந்தபடியே, "வந்துட்டான் படபடப்பான்" என்பார்கள்.

சிநேகிதர் பருத்தி வியாபாரி. ராயகிரி, சிவகிரி என்று ஊர் ஊராகப் போய், காய் வெடிப்பதற்கு முன்பே விலை பேசிவிட்டு வருகிறவர். மலைமேல் தேயிலைத் தோட்டத்தில் இருந்த ஒரு துரை சீமைக்குத் திரும்பும்போது அந்த வண்டியை இவர் தலையில் கட்டிவிட்டுப் போனார். வண்டிக்கு இடது பக்கத்தில் ஒரு தொட்டி ஒட்டியிருக்கும். மூக்குக் கூர்மையான தகரப் படகு மாதிரி இருக்கும். அடியில் ஒற்றைச் சக்கரம். துரைசானி அதில்தான் காலை நீட்டி உட்கார்ந்து போவாளாம். அவள் இல்லாத குறையைச் சிநேகிதர் முதல் நாளே தெரிந்துகொண்டார். தொட்டியில் கனம் இல்லாவிட்டால் இடது பக்கம் திரும்பும்போது அது தரையை விட்டு எழும்பி வண்டியையே கவிழ்க்கப் பார்க்கும். புளியங்குடி வளைவில் ஒரு தடவை கவிழ்த்தும்விட்டது. அதற்கப்புறம் ஒரு மணல் மூட்டையைத் தொட்டியில் ஏற்றிக்கொண்டுதான் எங்கேயும் போவார். மூட்டை சொகுசாகச் சாய்ந்திருக்க, இவர் முகமெல்லாம் புழுதியாக ஓட்டிப் போவதைப் பார்த்துத் தெருப் பிள்ளைகள் மூட்டைக்கு 'முதலாளி' என்று பட்டம் வைத்துவிட்டார்கள். "முதலாளி இன்னைக்கு எந்த ஊருக்குப் போறாக?" என்று கேட்டுக்கொண்டே வண்டிக்குப் பின்னால் ஓடுவார்கள்.

அந்த ஆடியில் குற்றாலத்தில் நல்ல சாரல் என்று செய்தி வந்தது. சிநேகிதரும் அவர் சம்சாரமும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வருவதென்று முடிவு செய்து எங்களையும் கூப்பிட்டார்கள். என் கணவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். எதையும் இரண்டு தடவை போட்டுப் பார்த்த பிறகுதான் விடை சொல்வார். ஆனால் இதற்கு உடனே சரி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். எனக்கு அதுவே பயமாக இருந்தது.

பயத்துக்குக் காரணம் என் மகள். அவளுக்குப் பல் முளைக்கிற பருவம். தாய்ப்பாலோடு கொஞ்சம் கூழும் குடிக்கப் பழகியிருந்தாள். அதனால் ஒரு பகல் பொழுது அவளை விட்டுவிட்டுப் போகலாம் என்பது கணக்கு வாத்தியாரின் கணக்கு. ஆனால் அதற்கு முந்தின மாதம்தான் அவளுக்கு நெஞ்சில் சளி கட்டி, மூச்சு விடும்போதெல்லாம் ஈரத் துணியைக் கிழிப்பது போல ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தம் நின்ற பிறகும் என் காதில் நிற்கவில்லை. தொட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்து கேட்பேன். மூச்சு சீராக இருந்தால், ஏன் இவ்வளவு மெதுவாக விடுகிறாள் என்று அதற்கு ஒரு கவலைப்படுவேன்.

மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். போகலாமா வேண்டாமா என்று நான் அத்தையிடம் கேட்கவில்லை. அவர்கள் முன்னால் போய் நின்றேன். அவர்களே சொன்னார்கள்.

"போயிட்டு வா. பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன். ஆனா பால் குடுக்குதவ அருவியில தலையக் குடுக்கக் கூடாது. உன் தலையில இறங்குத குளிர்ச்சி பால்ல இறங்கி, பிள்ளை நெஞ்சுல போயி உக்காந்துக்கிடும். தலை நனையக் கூடாது. அம்புட்டுத்தான்."

அத்தைக்குப் பிறந்த ஊர் குற்றாலத்துக்குப் பக்கத்தில் இருக்கிற இலஞ்சி. அருவித் தண்ணீரைப் பற்றி அவர்கள் ஒன்று சொன்னால் அதற்கு மேல் எங்கள் வீட்டில் பேச்சில்லை. நான் பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கி எட்டாம் வகுப்பு வரை படித்தவள். சுகாதாரப் பாடப் புத்தகத்தில் சளிக்குக் காரணம் கிருமி என்று போட்டிருந்தது. தாயின் தலையில் விழுந்த தண்ணீர் பாலுக்கு எந்த வழியாகப் போகும் என்று படம் எதுவும் போடவில்லை. போடவில்லை என்பதால் போகாது என்று ஆகிவிடுமா? புத்தகம் எழுதியவர் பிள்ளை பெற்றவராக இருக்க வாய்ப்பில்லை. இப்படியெல்லாம் யோசித்து, தலையை நனைப்பதில்லை என்று அத்தையிடம் வாக்குக் கொடுத்தேன். கொடுத்த மறு நிமிஷமே, கல்யாணத்துக்கு முன்பு ஒரு தடவை பேரருவியில் நின்றது ஞாபகம் வந்தது. தலையில் யாரோ ஆயிரம் கையால் தட்டுகிற மாதிரி இருக்கும். மனசில் ஒரு நினைப்பும் தங்காது. எனக்கு அது எவ்வளவு தேவையாக இருந்தது என்று எனக்குத்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது அத்தை என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துத் தலைக்கு எண்ணெய் வைத்தார்கள். தினமும் வைக்கிற தேங்காயெண்ணெய் அல்ல; கரிசலாங்கண்ணியும் வெந்தயமும் போட்டுக் காய்ச்சி, பச்சைப் போத்தலில் ஊற்றி வைத்திருக்கிற எண்ணெய். மோட்டாரில் போகும்போது காற்று அடித்துத் தலை வலிக்கும் என்றார்கள். உச்சியில் ஊற்றி, அடிமயிர் வரை தேய்த்து, கழுத்தில் வழிந்ததையும் துடைத்து மறுபடியும் தலையிலேயே வைத்துக் கொண்டையை இறுக்கி முடிந்தார்கள். என்மேல் இவ்வளவு பிரியமா என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் என் கணவர் எழுந்ததும் போடுகிற தும்மல்களைப் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு அது தினமும் உண்டு. கைக்குட்டை இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. கேட்டால் அத்தை, "பள்ளிக்கூடத்துத் தூசி. பலகையில சாக்குக்கட்டி எழுத்த மூஞ்சிக்கு நேரா அழிச்சா என்ன செய்யும்?" என்பார்கள். கோடை விடுமுறையிலும் அவர் தும்முகிறாரே என்று எனக்குத் தோன்றியிருக்கிறது. கேட்டதில்லை.

சிநேகிதர் வண்டியைக் கொண்டு வந்து நிறுத்தினார். அவர் சம்சாரம் என்னைவிட நாலைந்து வயது சின்னவள், ஒல்லி, இன்னும் பிள்ளை இல்லை, எதற்கும் பயமும் இல்லை. தொட்டியில் நாங்கள் இருவரும் எப்படி உட்கார்வது என்று நான் பார்த்துக்கொண்டிருந்தபோது, சிநேகிதர் தொட்டிக்குள்ளிருந்த மணல் மூட்டையைத் தூக்கி எங்கள் வாசலில் வைத்தார்.

"மதினி வாராகல்லா, இனி மூட்டை எதுக்கு?" என்று என் கணவரிடம் சொன்னார்.

என் கணவர் மூட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சரிதான் என்பது போலத் தலையை ஆட்டினார். தெருப் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். ஒருவன், "புது முதலாளி" என்றான். பிரியமாகக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று ஒரு வாரமாக நான் உருகிக்கொண்டிருந்த அழைப்பின் அர்த்தம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. வரவில்லை என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். சொன்னால் மூட்டையை மறுபடி ஏற்ற வேண்டுமே, அவருக்குச் சிரமம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

அத்தை இடுப்பில் பிள்ளையோடு நின்றார்கள். வண்டி சத்தம் போட்டதும் பிள்ளை அழுவாள், அதைச் சாக்காக வைத்து நின்றுவிடலாம் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. அவள் கையைத் தட்டிச் சிரித்தாள்.

தொட்டிக்குள் நான் காலை மடக்கி உட்கார, சிநேகிதர் சம்சாரம் என் முழங்காலுக்கு முன்னால் பாதி உட்கார்ந்தும் பாதி நின்றும் வந்தாள். மாற்றுத் துணி மூட்டை தொட்டியின் மூக்குக்குள். புளிச்சோற்றுத் தூக்குச்சட்டி என் மடியில். என் கணவர் பின் இருக்கையில், ஒரு கையால் சிநேகிதரையும் மறு கையால் மூக்கையும் பிடித்துக்கொண்டு. கடையநல்லூரில் தறிச் சத்தம் நின்று வாசலுக்கு வாசல் ஆள் வந்து நின்றார்கள். நான் முந்தானையை முகத்துக்கு இழுத்துக்கொண்டேன். சிநேகிதர் சம்சாரம் எல்லாருக்கும் கையை ஆட்டிக்கொண்டு வந்தாள். தென்காசிக் கோபுரம் தெரிந்தபோது நான் தூக்குச்சட்டியைப் பிடித்திருந்த கையாலேயே கும்பிட்டேன். கும்பிடு சரியாக விழுந்ததா என்று சந்தேகம் வந்து, மறைவதற்குள் இன்னொரு தடவை கும்பிட்டேன்.

தென்காசியைத் தாண்டியதும் காற்று மாறிவிட்டது. மலை முழுக்க மேகம். சாரல் என்பது மழை அல்ல. குடை பிடித்தால் குடைக்கு அடியிலும் இருக்கும். எனக்கு வேலை அங்கேயே தொடங்கிவிட்டது. கொண்டைக்கு மேல் ஒரு துண்டைக் கட்டி, அதற்கு மேல் முந்தானையைப் போட்டு, குடையையும் விரித்துக்கொண்டேன். வண்டி வேகத்தில் குடை பின்பக்கமாக மடங்கிச் சிநேகிதரின் கண்ணை மறைத்தது. குடை போனாலும் பரவாயில்லை, கண் வேண்டும் மதினி என்றார். வழியோரத்தில் ஒரு வாழை இலையை அறுத்து எனக்குக் கொடுத்தார்கள். அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டுதான் நான் குற்றாலத்துக்குள் போய்ச் சேர்ந்தேன்.

அருவிக்கரையில் அவர்கள் மூன்று பேரும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் பெண்கள் பக்கத்தில் ஒரு பாறை இடுக்கில், துணிகளுக்கும் செருப்புகளுக்கும் புளிச்சோற்றுக்கும் காவலாக உட்கார்ந்தேன். குரங்குகள் என்னைச் சுற்றி உட்கார்ந்தன. அருவியின் புகை காற்றடிக்கும் பக்கமெல்லாம் திரும்பும். அது திரும்பும்போதெல்லாம் நானும் குடையைத் திருப்பிக்கொண்டு எதிர்ப்பக்கம் நகர்ந்தேன். தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு நான் குடையோடு ஏதோ கும்மி அடிப்பது போல இருந்திருக்கும்.

குற்றாலத்தில் தலை நனையாமல் ஒரு பெண் உட்கார்ந்திருந்தால் அது ஊர்ப் பொதுக் காரியம் ஆகிவிடுகிறது. ஈரப் புடவையோடு வந்த ஓர் அம்மாள் காய்ச்சலா என்று கேட்டார். இல்லை என்றதும் குரலைத் தாழ்த்தி, வீட்டுக்குத் தூரமா என்று கேட்டார். அதுவும் இல்லை என்றேன். இல்லை என்று சொன்னதை அவர் நம்பவில்லை. தன் துணி மூட்டையை மெல்ல என்னிடமிருந்து தள்ளி வைத்துக்கொண்டார். அப்புறம் நான் உண்மையைச் சொன்னேன். அவ்வளவுதான், நான்கு பெண்கள் கூடிவிட்டார்கள். பால் கொடுக்கிறவள் குளித்தால் பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்றாள் ஒருத்தி. அதெல்லாம் குளத்துத் தண்ணீருக்கு, அருவிக்குக் கிடையாது, இது மூலிகைத் தண்ணீர் என்றாள் இன்னொருத்தி. குளித்துவிட்டு முதல் பாலைப் பீய்ச்சிவிட்டால் போதும் என்றார் அந்த அம்மாள். நான்காவது பெண், தனக்கும் ஆறு மாதத்தில் கைக்குழந்தை இருக்கிறது என்று சொல்லிவிட்டு நேரே அருவிக்குள் போய்விட்டாள். அவள் போன திசையையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்குத் தெரியாதா? தெரிந்தும் போகிறாளா? அவள் பிள்ளைக்குச் சளி பிடிக்குமா என்று தெரிந்துகொள்ள அவள் ஊரைக் கேட்டு வைத்துக்கொள்ளலாமா?

சிநேகிதர் சம்சாரம் இரண்டாம் தடவை வெளியே வந்து, பல் தந்தியடிக்க நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"ஒரு நிமிசம் தலையக் காட்டிட்டு வாங்கக்கா. யாரு போயி உங்க அத்தைகிட்ட சொல்லப்போறா? நானா, குரங்கா?"

நான் குடையை மடக்கினேன். எப்படி மடக்கினேன் என்று தெரியவில்லை, மடக்கிவிட்டேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாறைகளில் நாலு அடி இறங்கினேன். முன்னால் வெள்ளையாக ஒரு சுவர் விழுந்துகொண்டே இருந்தது. தண்ணீர்த் தூள் கன்னத்தில் பட்டது. கையை நீட்டினேன், தண்ணீர் அதைத் தட்டிவிட்டது. இன்னும் ஒரு அடி. அந்தப் பெரிய இரைச்சலில் எனக்கு எங்கிருந்தோ ஈரத் துணியைக் கிழிக்கிற சத்தம் கேட்டது. அது யாரோ பக்கத்தில் புடவை பிழிந்த சத்தமாக இருக்கலாம். நான் திரும்பி வந்துவிட்டேன்.

வந்து பார்த்தால் தூக்குச்சட்டி திறந்து கிடந்தது. குரங்குகள் புளிச்சோற்றைத் தின்றுவிட்டு, காரம் தாங்காமல் உதட்டைப் பாறையில் தேய்த்துக்கொண்டிருந்தன. மத்தியானத்துக்கு எல்லாரும் மங்குஸ்தான் பழம் வாங்கிச் சாப்பிட்டோம். பழம் குளிர்ச்சியா சூடா என்று எனக்குத் தெரியாததால் நான் இரண்டோடு நிறுத்திக்கொண்டேன்.

விளக்கு வைப்பதற்குள் வீட்டில் இருக்க வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்ததால் வெயில் சாய்வதற்கு முன்பே கிளம்பினோம். மார்பு கனத்து வலி எடுக்கத் தொடங்கியிருந்தது. பிள்ளைக்குப் பசிக்கிற நேரம் எனக்கு இங்கே தெரிந்தது. மற்ற மூன்று பேரும் தலை துவட்டி, உலர்ந்த துணி மாற்றி, முகமெல்லாம் பளபளப்பாக இருந்தார்கள். நான் மட்டும் காலையில் கிளம்பின அதே புடவையில், எண்ணெய் வடிகிற தலையோடு, ஆனால் நனையாமல் இருந்தேன். எனக்கே என்னை நினைத்துக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

சொக்கம்பட்டிக்குப் பக்கத்தில் ரோட்டுக்குக் குறுக்கே ஓர் ஓடை உண்டு. காலையில் வரும்போது அதில் மணல்தான் இருந்தது. இப்போது மலையில் பெய்த மழை இறங்கி, செந்தண்ணீர் முழங்கால் அளவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஆள் கடக்க மேலே கொஞ்ச தூரத்தில் ஒரு பனந்தடிப் பாலம் இருந்தது. வண்டி ரோட்டு வழியாகத்தான் போக வேண்டும். எல்லாரும் இறங்கினோம். பாலத்தைப் பார்த்து நான் நடக்கத் தொடங்கியபோது சிநேகிதர் பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"மதினி, நீங்க இறங்கிட்டா எப்படி? தண்ணி மேக்கேருந்து வருது. தொட்டிலதான் முதல்ல அடிக்கும். கனமில்லன்னா தூக்கி எறிஞ்சிரும்."

அப்படியானால் மூட்டை? மூட்டை எங்கள் வாசலில் இருந்தது. கல்லை எடுத்துப் போடலாமே என்று நான் சொல்ல நினைத்தேன். சொல்வதற்குள் அவர் என் கணவரிடம் திரும்பி, ரெண்டு பேர்ல ஒரு ஆள் உக்காந்தாப் போதும்லே, யாரு உக்காரணும் என்று கேட்டுவிட்டார். என் கணவர் அவர் சம்சாரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வேறு எந்தப் புருஷனாக இருந்தாலும் அந்த இடத்தில் வானத்தைப் பார்த்திருப்பான். இவர் கணக்கு வாத்தியார். கேள்வி கேட்டால் விடை சொல்லாமல் இருக்க முடியாது.

"இவதான் கொஞ்சம் கனம்" என்றார்.

மூன்று பேரில் யாருக்கும் இதில் தப்பாக ஒன்றும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை என்பதுதான் வேடிக்கை. காலையிலிருந்து அந்த வேலையாகத்தானே வந்திருக்கிறேன் என்று போய் உட்கார்ந்துவிட்டேன். நனையாமல் இருக்கட்டும் என்று காலைத் தூக்கித் துணி மூட்டைமேல் வைத்துக்கொண்டு, குடையையும் விரித்துக்கொண்டேன்.

பாதி ஓடை வரை நன்றாகத்தான் போனோம். கனம் தன் கடமையைச் செய்தது. பிறகு தொட்டிச் சக்கரம் தண்ணீருக்கடியில் ஏதோ பள்ளத்தில் இறங்கியது. தொட்டி இடது பக்கமாகச் சாய்ந்தது. குடை முதலில் இறங்கியது. நான் அதற்குப் பின்னால், காலை மேலே தூக்கியிருந்ததால் தலை முன்னால், ஓடைக்குள் போனேன்.

உள்ளே எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது. எழுந்து நின்றால் முழங்கால்தான் ஆழம். கொண்டையிலிருந்து செந்தண்ணீர் முகத்தில் வழிந்தது. மேலே பாலத்தில் இரண்டு பேர் காய்ந்த துணியோடு நின்றுகொண்டு என்னைப் பார்த்தார்கள். சிநேகிதர் வண்டியை விட்டுவிட்டு என்னைப் பிடிக்க வருவதா, என்னை விட்டுவிட்டு வண்டியைப் பிடிப்பதா என்று தெரியாமல் இரண்டுக்கும் நடுவில் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

எனக்கு அடி ஒன்றும் இல்லை. என் கணவர் இறங்கி ஓடி வந்து அடிபட்டதா என்று கேட்டதற்கு, நான் தலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நனைஞ்சுட்டு" என்று மட்டும் சொன்னேன். சொல்லிவிட்டு அழுதுவிட்டேன். சிநேகிதர் சம்சாரம் எனக்குச் சமாதானம் சொல்ல வாயைத் திறந்து, சிரிப்பு வந்து, வாயைப் பொத்திக்கொண்டு பனைமரத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். மாற்றுத் துணி மூட்டையும் என்னோடு குளித்திருந்தது. உடுத்த வேறு துணி இல்லை. தலையை அவிழ்த்துக் காற்றில் உலர்த்தச் சொன்னார்கள். அந்தி நேரத்தில், ஈரத் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, படபடவென்று சத்தம் போடும் வண்டியில் நான் புளியங்குடி வழியாகப் போனால் அந்த ஊர்ப் பிள்ளைகள் ஒரு மாதத்துக்குத் தூங்காது. கொண்டையைப் பிழிந்து அப்படியே முடிந்துகொண்டேன்.

வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை. அருவியில் குளித்த மூன்று பேரும் காய்ந்து போகிறார்கள். குளிக்காத நான் சொட்டச் சொட்டப் போகிறேன். இதை யாரிடம் சொன்னாலும் என்ன நினைப்பார்கள்? நானே அத்தையாக இருந்தால் நம்புவேனா? நம்பமாட்டேன். என் கணவர் சாட்சி சொல்வார். பெண்டாட்டிக்குச் சாட்சி சொல்கிற பிள்ளையை எந்தத் தாய் நம்புவாள்? அதையெல்லாம்விட, பிள்ளை பசியோடு இருப்பாள். இந்தத் தலையோடு நான் அவளுக்குப் பால் கொடுக்கலாமா? கொடுக்காமல் எப்படி இருப்பது?

வீட்டு வாசலில் மணல் மூட்டை வைத்த இடத்திலேயே இருந்தது. அதற்குப் பக்கத்தில் அத்தை, இடுப்பில் பிள்ளை. என்னைக் கண்டதும் பிள்ளை இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு சிணுங்கியது. நான் ஓடிப் போய்க் கையை நீட்டினேன். அத்தை ஒரு பக்கமாகத் திரும்பிப் பிள்ளையை என் கைக்கு எட்டாமல் பிடித்துக்கொண்டார்கள்.

"நில்லு" என்றார்கள்.

சிநேகிதர் வண்டியை அணைக்கவே இல்லை. மூட்டையை எடுத்துத் தொட்டியில் போட்டுக்கொண்டு, சம்சாரத்தைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். என் கணவர் ஓடையைப் பற்றி, தண்ணீரின் வேகத்தைப் பற்றி, பள்ளத்தைப் பற்றி முறையாகச் சொல்லத் தொடங்கினார். அத்தை அவர் பக்கம் திரும்பவில்லை. பிள்ளையை அவர் கையில் கொடுத்துவிட்டு, என்னைத் திரும்பச் சொல்லி, கொண்டைக்குள் விரல்களை விட்டார்கள். உள்ளே, அடிமயிர் வரைக்கும். பிறகு விரல்களை வெளியே எடுத்து, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்தார்கள். மோந்து பார்த்தார்கள். எனக்கு முதுகுப் பக்கம் நடப்பது தெரியவில்லை. பிள்ளையின் முகம் மட்டும்தான் தெரிந்தது. அது அழுகைக்கு உதட்டைச் சுருட்டிக்கொண்டிருந்தது.

"எண்ணெ அப்படியே இருக்கு" என்றார்கள் அத்தை. "அருவியில நின்ன தலையில ஒரு பொட்டு எண்ணெ நிக்காது. சீயக்காயே வேண்டாம், அப்படி அடிச்சுக்கிட்டுப் போயிரும். இது சேத்துத் தண்ணி."

நான் திரும்பிப் பார்த்தேன்.

"பின்ன, எதுக்குக் காலையில போத்தல்ல பாதிய உன் தலையில கவுத்துனேன்னு நினைச்சே?"

அவ்வளவு காய்ச்சின எண்ணெயும் பிரியத்தில் வைத்தது அல்ல, பூட்டுப் போட்டு அனுப்பியது என்று எனக்கு அப்போது தெரிந்தது. கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்தப் பூட்டு இல்லாவிட்டால் என் பேச்சை யார் நம்பியிருப்பார்கள்?

அத்தை என்னை உள்ளே கூட்டிப் போய் உலர்ந்த புடவை கொடுத்து, தலையை அவிழ்த்து, துணியால் தட்டித் தட்டித் துவட்டி, சாம்பிராணிப் புகையைக் கூந்தலுக்கடியில் பிடித்தார்கள். மிளகும் சுக்கும் தட்டிப் போட்டு ஒரு கஷாயம் கொடுத்தார்கள். அது இறங்கின இடமெல்லாம் எரிந்தது. அதற்கப்புறம்தான் பிள்ளை என் மடிக்கு வந்தது. அது குடித்த அவசரத்தைப் பார்த்து நான் மறுபடியும் அழப் பார்த்தேன்.

அத்தை கூந்தலுக்குப் புகை காட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். "ஏட்டி, நெசமாவே குளிக்கலியா? பக்கத்துல நின்னுமா?"

கையை மட்டும் நீட்டிப் பார்த்தேன் என்றேன்.

அவர்கள் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார்கள். வாசலில் என் கணவர் செருப்பைக் கழுவும் சத்தம் கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள்.

"நான் குளிச்சேன். வாசல்ல நிக்கானே, இவன் அப்ப கைப்பிள்ளை. பிரசவத்துக்கு இலஞ்சிக்குப் போயிருந்தேன், சாரல் காலம். எங்க அம்மை கூடாதுன்னு சொன்னா. அவ அந்தப் பக்கம் போனதும் நான் இந்தப் பக்கமா அருவிக்குப் போயிட்டேன். ஒரு நாளா ரெண்டு நாளா? சாரல் முடியுத மட்டும்."

வாசலில் என் கணவர் தும்மினார். நிறுத்தி, மறுபடி தும்மினார். அத்தை என் முகத்தைப் பார்க்காமல் சாம்பிராணிச் சட்டியில் கரித்துண்டைத் தள்ளிவிட்டார்கள்.

"முப்பது வருசமாத் தூசி மேலயும் சாக்குக்கட்டி மேலயும் பழியப் போட்டுக்கிட்டு இருக்கேன்" என்றார்கள்.

மறுநாள் காலையில் பிள்ளை தொட்டிலில் கண்ணைத் திறந்து, என்னைப் பார்த்துச் சிரித்து, ஒரு தும்மல் போட்டாள். சின்னத் தும்மல்தான். என் கையிலிருந்த செம்பு கீழே விழுந்தது. குனிந்து நெஞ்சில் காதை வைத்துக் கேட்டேன். சீராகத்தான் இருந்தது. ஓடைத் தண்ணீரா? மங்குஸ்தானா? கஷாயம் போதாதா, அதிகமா? நிமிர்ந்தால் அத்தை கதவருகில் நின்றார்கள். அவர்களுக்கும் கேட்டிருந்தது. நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அதற்குள் என் கணவர் கைக்குட்டையோடு வந்து, பிள்ளையா தும்மியது, ஏன் தும்முகிறாள் என்று கேட்டார்.

"தூசி" என்றார்கள் அத்தை.

"தூசிதான்" என்று சொல்லிவிட்டு நான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு, ஏற்கெனவே பெருக்கின அறையை இன்னொரு தடவை பெருக்கினேன்.